எழுதியவர் இல்லாத இடத்தில் பேசும் தாள்

தரமான தொழில்நுட்ப ஆவணம்: ஒரு பாடம், ஓர் அழைப்பு

– மூன்றாம் ஆண்டு மாணவி, மின்னியல் மற்றும் மின்னணுவியல் துறை



அடுத்த பருவத்தில் நமது மாணவர் பேரவை ஒருநாள் கருத்தரங்கம் நடத்த இருக்கிறது. தலைப்பு: ‘தரமான தொழில்நுட்ப ஆவணம்’. அறிவிப்புப் பலகையில் இதை ஒட்டிய அன்றே கேன்டீனில் பேச்சு ஆரம்பித்துவிட்டது. “என்னப்பா இது, ரோபோ, எலெக்ட்ரிக் கார்னு ஏதாவது வைக்கக் கூடாதா? எழுதுறதுக்கெல்லாம் ஒரு கருத்தரங்கமா?” நியாயமான கேள்விதான். அதற்குப் பதிலாகவே இந்தக் கட்டுரையை எழுதுகிறேன். படித்துப் பார்த்துவிட்டு, வரலாமா வேண்டாமா என்று நீங்களே முடிவு செய்யுங்கள்.

ஆவணம் என்றால் எது?

ஆவணம் என்றதும் தடித்த புத்தகம் ஒன்றுதான் நினைவுக்கு வருகிறது. ஆனால் நம் ஒர்க்‌ஷாப்பை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாலே போதும். மோட்டார் மேல் ஆணி அடித்த பெயர்ப்பலகை ஓர் ஆவணம். பேனல் கதவின் உட்பக்கம் ஒட்டியிருக்கும் வயரிங் படம் ஓர் ஆவணம். லேத்துக்குப் போகும் ஜாப் கார்டு, டிராயிங், ஜெனரேட்டர் ரூமில் தொங்கும் லாக் புக், “பழுது, சுவிட்சைப் போடாதே” என்ற அட்டை, எல்லாமே ஆவணம்தான்.

இவை அனைத்துக்கும் பொதுவான குணம் ஒன்று உண்டு. எழுதியவர் பக்கத்தில் இல்லாதபோதுதான் இவற்றுக்கு வேலை. அவர் பக்கத்தில் இருந்தால் அவரையே கேட்டுவிடலாமே! ஆகவே ஒரு தொழில்நுட்ப ஆவணம் தரமானதா என்பதற்கு ஒரே ஒரு கேள்விதான்: எழுதியவரைக் கேட்காமல், படித்தவர் வேலையைச் சரியாகவும் பத்திரமாகவும் முடிக்க முடிகிறதா? முடிந்தால் தரம். இல்லையென்றால் தாள் எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் தரமில்லை.

ஆகாயத்தில் தீர்ந்த எரிபொருள்

1983 ஜூலை 23. ஏர் கனடா நிறுவனத்தின் போயிங் 767 விமானம் ஒன்று மாண்ட்ரியலிலிருந்து ஒட்டாவா வழியாக எட்மண்டனுக்குப் புறப்பட்டது. எரிபொருள் அளவைக் காட்டும் கருவி வேலை செய்யவில்லை. அதனால் டாங்கில் உள்ள அளவைக் கையால் அளந்து கணக்குப் போட்டார்கள். அந்தக் கணக்கை நாமும் போட்டுப் பார்ப்போம்.

பயணத்துக்குத் தேவை 22,300 கிலோ. டாங்கில் ஏற்கெனவே இருந்தது 7,682 லிட்டர். லிட்டரைக் கிலோவாக மாற்ற வேண்டும். அவர்கள் பெருக்கிய எண் 1.77. வந்த விடை சுமார் 13,600. மீதி 8,700 தேவை என்று அதை மறுபடி 1.77-ஆல் வகுத்து, சுமார் 4,900 லிட்டர் நிரப்பினார்கள். கூட்டல் கழித்தலில் ஒரு பிழையும் இல்லை!

பிழை எங்கே? 1.77 என்பது ஒரு லிட்டர் எரிபொருளின் எடை, பவுண்டில். கிலோவில் அது சுமார் 0.8 மட்டுமே. 0.8 போட்டால் நிரப்ப வேண்டியது சுமார் 20,000 லிட்டர். கனடா அப்போது மெட்ரிக் முறைக்கு மாறிக்கொண்டிருந்த காலம். மற்ற விமானங்களுக்கெல்லாம் பவுண்டு, இந்தப் புது விமானத்துக்கு மட்டும் கிலோ. பழகிய எண் பழகிய இடத்திலேயே நின்றுவிட்டது. விளைவு, நடுவானில் இரண்டு என்ஜினும் நின்றுபோயின. கேப்டன் பாப் பியர்சனும் துணை விமானி மாரிஸ் குவின்டலும் விமானத்தைக் காற்றிலேயே மிதக்கவிட்டு, கிம்லி என்ற ஊரில் கைவிடப்பட்டிருந்த பழைய விமானப்படை ஓடுதளத்தில் இறக்கினார்கள். 69 பேரும் பிழைத்தார்கள்.

பின்னர் நடந்த விசாரணை இன்னொன்றையும் கண்டுபிடித்தது. பழைய விமானங்களில் ஃப்ளைட் இன்ஜினியர் என்று மூன்றாவது ஆள் இருந்தார். எரிபொருள் கணக்கு அவர் பொறுப்பு. புது விமானத்தில் அந்த ஆள் கிடையாது. அவர் செய்த வேலையை இனிமேல் யார் செய்வது என்பது தெளிவாக யாரிடமும் ஒப்படைக்கப்படவில்லை. “யார் செய்ய வேண்டும்” என்ற ஒரு வரி தெளிவில்லாமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டாம்.

இதில் வேடிக்கை என்னவென்றால், 16 வருடம் கழித்து இதே அலகுக் குழப்பம் செவ்வாய்க் கிரகம் வரை போனது. நாசாவின் ‘மார்ஸ் கிளைமேட் ஆர்பிட்டர்’ விண்கலம் 1999 செப்டம்பர் 23 அன்று தொலைந்தது. தரையிலிருந்த ஒரு கணினி நிரல், உந்துவிசைக் கணக்கைப் பவுண்டு–விநாடி அலகில் கொடுத்தது. அதை வாங்கிய நிரல் நியூட்டன்–விநாடி என்று எடுத்துக்கொண்டது. இரண்டுக்கும் இடையே 4.45 மடங்கு வித்தியாசம். நியூட்டன்–விநாடியில்தான் கொடுக்க வேண்டும் என்று விவரக்குறிப்பு ஆவணத்தில் எழுதியே இருந்தது! அதன்படி நடக்கிறதா என்று யாரும் ஒப்பிட்டுப் பார்க்கவில்லை. ஆக, எழுதுவது பாதி. எழுதியதைச் சரிபார்ப்பது மீதிப் பாதி.

திரையில் வந்த 54

தெராக்-25 என்பது புற்றுநோய்க்குக் கதிரியக்கச் சிகிச்சை தரும் இயந்திரம். 1985 ஜூன் முதல் 1987 ஜனவரி வரை அமெரிக்காவிலும் கனடாவிலும் 6 நோயாளிகள் இதனால் அளவுக்கு மிஞ்சிய கதிர்வீச்சுக்கு ஆளானார்கள். அவர்களில் சிலர் இறந்தே போனார்கள். மூல காரணம் மென்பொருள் பிழை. பழைய மாடல்களில் இருந்த வன்பொருள் பாதுகாப்புகளை எடுத்துவிட்டதும் ஒரு காரணம். அதை மறுப்பதற்கில்லை. ஆனால் ஆவணத்துக்கும் இதில் பங்கு உண்டு.

டெக்சாஸ் மாநிலம் டைலர் நகர மருத்துவமனையில், 1986 மார்ச் மாதம் ஒரு தடவையும் ஏப்ரல் மாதம் ஒரு தடவையும் விபத்து நடந்தபோது, திரையில் வந்த செய்தி இவ்வளவுதான்: ‘மால்ஃபங்ஷன் 54’. அந்த 54-க்கு என்ன அர்த்தம், ஆபத்தா, நிறுத்த வேண்டுமா, தொடரலாமா? இயக்குபவருக்குக் கொடுத்த கையேட்டில் விளக்கம் இல்லை. இந்த மாதிரிச் செய்திகள் அடிக்கடி வரும், ஒன்றும் ஆகாது என்று பழகிப்போயிருந்ததால், தொடர்வதற்கான பொத்தானை அழுத்துவது வழக்கமாகிவிட்டது. கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். தன் வேலையைச் சரியாகத் தெரிந்த ஒருவரைக் கண்ணைக் கட்டி உட்கார வைத்த மாதிரிதானே?

இதிலேயே ஆவணத்தின் நல்ல முகமும் இருக்கிறது. ஏப்ரல் விபத்துக்குப் பிறகு அந்த மருத்துவமனையின் இயற்பியலாளர் இயந்திரத்தை நிறுத்திவிட்டு, இயக்குபவரோடு உட்கார்ந்து, அன்று எந்த எழுத்தை எப்போது தட்டினார், எதைத் திருத்தினார் என்று ஒவ்வொரு படியாகத் திரும்பச் செய்து பார்த்தார். வேகமாகத் திருத்தினால்தான் பிழை வருகிறது என்பது தெரிந்தது. ‘மெஷின் சரியில்லை’ என்று மட்டும் சொல்லியிருந்தால் கம்பெனிக்காரர்கள் ‘நாங்கள் பார்த்தோம், நன்றாகத்தான் ஓடுகிறது’ என்று சொல்லியிருப்பார்கள். எந்தப் படியில், எந்த வேகத்தில் என்ற விவரம் கிடைத்த பிறகுதான் பிழை பிடிபட்டது. பழுதைக் குறித்து வைக்கிற முறைக்கு இது நல்ல பாடம்.

திறமைசாலிக்கும் தாள் வேண்டும்

“நல்லா வேலை தெரிஞ்சவனுக்கு எதுக்குப் பேப்பர்?” என்று கேட்பவர்கள் உண்டு. 1935 அக்டோபர் 30 அன்று, அமெரிக்காவின் ரைட் ஃபீல்டில் போயிங் மாடல் 299 என்ற புதிய குண்டுவீச்சு விமானம் கிளம்பிய சில நொடிகளில் விழுந்தது. ஓட்டியவர் மேஜர் ப்ளாயர் ஹில், அனுபவசாலி. நிறுத்தி வைத்திருக்கும்போது காற்றில் ஆடாமல் இருக்க, விமானத்தின் வால் பகுதியில் ஒரு பூட்டுப் போடுவார்கள். அதை விடுவிக்காமலே கிளம்பிவிட்டது. ஹில்லும், போயிங் நிறுவனத்தின் விமானி லெஸ்லி டவரும் உயிரிழந்தார்கள்.

இந்த விமானத்தை ஒரு மனிதன் ஞாபகத்தில் வைத்து ஓட்ட முடியாது என்று பேச்சு வந்தது. கடைசியில் தீர்வாக வந்தது ஒரு சின்ன அட்டை. கிளம்பும் முன், பறக்கும்போது, இறங்கும் முன் என்று பார்க்க வேண்டியவற்றின் பட்டியல். அதுதான் செக்லிஸ்ட். அந்த விமானம்தான் பின்னால் பி-17 என்ற பெயரில் ஆயிரக்கணக்கில் கட்டப்பட்டது. செக்லிஸ்ட் என்பது தெரியாதவனுக்குச் சொல்லிக் கொடுப்பதற்காக வந்ததில்லை. தெரிந்தவன் மறக்காமல் இருப்பதற்காக வந்தது.

காயில் கடை நோட்டு

இதெல்லாம் கனடா, அமெரிக்கா கதை. நமக்கென்ன என்று நினைக்க வேண்டாம். எங்க அப்பா மோட்டார் காயில் கட்டும் கடையில் உதவியாளர். ஐந்தாம் வகுப்போடு அவர் படிப்பு நின்றுவிட்டது. எங்க வீட்டில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் நான். தொழில்நுட்ப ஆவணம் என்றால் என்ன என்று நான் முதலில் பார்த்தது இந்தக் காலேஜில் இல்லை, அந்தக் கடையில்தான்.

எரிந்துபோன மோட்டார் வந்தால், பழைய கம்பியை வெட்டி எடுப்பதற்கு முன்பே நோட்டைத் திறந்துவிடுவார்கள். எத்தனை எச்.பி., எத்தனை ஸ்லாட், காயில் எந்த ஸ்லாட்டிலிருந்து எந்த ஸ்லாட்டுக்கு, ஒரு காயிலுக்கு எத்தனை சுற்று, கம்பி எத்தனை கேஜ், இணைப்பு ஸ்டாரா டெல்டாவா, கழற்றிய செம்பு எத்தனை கிலோ. இவ்வளவும் எழுதிய பிறகுதான் உளி எடுப்பார்கள். வெட்டி எறிந்துவிட்டால் மறுபடி எண்ணிப் பார்க்க முடியாதே! எடையை ஏன் எழுதுகிறார்கள்? கட்டி முடித்ததும் புதுக் கம்பியின் எடை ஒத்துவந்தால் சுற்றும் கேஜும் சரி என்று அது ஒரு குறுக்குச் சோதனை. நாசா விட்டுவிட்ட சரிபார்ப்பு எங்க ஊர் காயில் கடையில் நடக்கிறது!

இந்தக் கணக்கில் பிசகினால் என்ன ஆகும் என்பது நம் பாடத்திலேயே இருக்கிறது. சுற்று குறைந்தால் காந்தப்புலம் கூடும். சுமை இல்லாமலே மோட்டார் அதிகக் கரண்ட் இழுத்துச் சூடாகும். சுற்று கூடினால் இழுவை குறையும். கம்பி மெலிதானால் மின்தடை கூடி மறுபடி சூடு. விவசாயி கொடுத்த கூலியும் போச்சு, பயிருக்குத் தண்ணியும் போச்சு.

சில வருடங்களுக்கு முன் அந்தக் கடையின் பெரிய மெக்கானிக் இறந்துவிட்டார். முப்பது வருட நோட்டுகள் அப்படியே இருந்தன. ஆனால் அதில் பாதிக்கு மேல் அவருக்கு மட்டும் தெரிந்த குறிகள். ஓர் எண்ணைச் சுற்றி வட்டம் போட்டிருப்பார். சில இடத்தில் இரண்டு கோடு, சில இடத்தில் மோட்டார்க்காரர் ஊர் பெயரின் முதல் எழுத்து மட்டும். வட்டம் என்றால் இரட்டைக் கம்பியா, மாற்றிக் கட்டியதா? யாருக்கும் தெரியவில்லை. அப்பாவைக் கேட்டபோது, “நோட்டு பீரோ நிறைய இருக்கும்மா. அதைப் படிக்கிற ஆளுதான் இல்ல” என்றார். அதன் பிறகு அந்தக் கடையில் ஒவ்வொரு நோட்டின் முதல் பக்கத்திலும் ‘இந்தக் குறிக்கு இந்த அர்த்தம்’ என்று எழுதி வைக்கிறார்கள். எழுதுவது அப்பா. தமிழில்தான்.

ஏழு விதிகள்

வேலைக்கான விளக்கக் குறிப்புகளை எப்படித் தயாரிப்பது என்பதற்கே சர்வதேசத் தரம் இருக்கிறது, ஐ.இ.சி., ஐ.இ.இ.இ. இரண்டும் சேர்ந்து 2019-இல் வெளியிட்ட 82079–1 அதில் ஒன்று. நாம் முதலாண்டில் கண்ணைக் கசக்கிக்கொண்டு போட்ட டிராயிங்குக்கும் இந்தியத் தர நிறுவனத்தின் எஸ்.பி. 46 இருக்கிறது. நமக்கு உடனே உதவக்கூடிய ஏழு விதிகளை மட்டும் இங்கே தருகிறேன்.

1. யாருக்கு எழுதுகிறோம் என்பதை முதலில் முடிவு செய்க. ஹெல்ப்பருக்கு எழுதுவதும் டிசைன் இன்ஜினியருக்கு எழுதுவதும் ஒன்றாகாது.

2. செய்யும் வரிசையிலேயே எழுதுக. தமிழில் இதற்குத் தனிக் கவனம் வேண்டும். “கவரைத் திறந்து ஃப்யூஸைக் கழற்றுவதற்கு முன் மெயினை ஆஃப் செய்யவும்.” இலக்கணப்படி வாக்கியம் சரி. ஆனால் படிப்பவன் கண்ணில் முதலில் படுவது “கவரைத் திறந்து”. நம் மொழியில் முக்கிய வினை கடைசியில்தான் வரும்; அதற்குள் கை கவருக்குப் போய்விடும்! இப்படி எழுதலாம்: (அ) மெயினை ஆஃப் செய்யவும். (ஆ) பூட்டி, அட்டை மாட்டவும். (இ) கவரைத் திறக்கவும். (ஈ) டெஸ்டர் வைத்து மின்சாரம் இல்லை என்று பார்க்கவும். (உ) ஃப்யூஸைக் கழற்றவும்.

3. ஒரு வாக்கியத்தில் ஒரு வேலை. விமானப் பராமரிப்புக் கையேடுகளுக்கென்று ‘எளிமையாக்கிய தொழில்நுட்ப ஆங்கிலம்’ என்ற விதித்தொகுப்பு உண்டு. செய்முறை வாக்கியம் 20 வார்த்தையைத் தாண்டக் கூடாது என்பது அதில் ஒரு விதி. தமிழில் ஒரு வார்த்தைக்குள்ளேயே நிறைய அடங்கிவிடுவதால், இன்னும் குறைவாக வைத்துக்கொள்வது நல்லது.

4. எச்சரிக்கை முன்னால் வர வேண்டும். “ஆசிட் தெறிக்கும், கவனம்” என்று ஆறாவது படிக்குக் கீழே எழுதினால், ஐந்தாவது படியிலேயே தெறித்திருக்கும்.

5. அலகில்லாத எண் எழுதாதே. “எண்ணெய் 2 ஊற்றவும்” என்றால் 2 சொட்டா, 2 லிட்டரா? “வால்வைத் திருப்பவும்” என்றால் எந்தப் பக்கம், எத்தனை சுற்று?

6. ஒரு பொருளுக்கு ஒரே பெயர். முதல் பக்கத்தில் ‘ஓவர்லோடு ரிலே’, மூன்றாம் பக்கத்தில் ‘ட்ரிப் யூனிட்’, ஐந்தாம் பக்கத்தில் வெறும் ‘ரிலே’ என்று எழுதினால், புதிதாக வந்தவன் பேனலுக்குள் மூன்று பொருளைத் தேடுவான். கதை கட்டுரையில் ஒரே சொல் திரும்பத் திரும்ப வந்தால் அலுப்பு. இங்கே அதுதான் பாதுகாப்பு.

7. தேதியும் திருத்த எண்ணும் போடுக. பேனலில் வயரை மாற்றிவிட்டுக் கதவில் பழைய படத்தையே விட்டுவைப்பது, படமே இல்லாததைவிட ஆபத்து. படம் இல்லையென்றால் டெஸ்டர் வைத்துப் பார்ப்பான். பழைய படம் இருந்தால் நம்பிக் கை வைப்பான்.

இது ஏன் நம்ம வேலை?

ஒரு தொழிற்சாலையில் டிப்ளமோ முடித்தவர் எங்கே நிற்கிறார்? மேலே டிராயிங் போடும் இன்ஜினியர். கீழே மெஷினைத் தொடும் தொழிலாளி. நடுவில் சூப்பர்வைசர், மெயின்டனன்ஸ் டெக்னீஷியன் என்று நாம். ஷிஃப்ட் லாக் புக்கை எழுதப் போவது நாம்தான். ஆங்கிலக் கையேட்டைப் பார்த்து, “அண்ணே, இதை முதல்ல மூடணும், அதுக்கப்புறம்தான் அதைத் திறக்கணும்” என்று சொல்லப் போவதும் நாம்தான். வாயால் சொன்னது அந்த ஷிஃப்டோடு போய்விடும். இரவு இரண்டு மணிக்கு வால்வு முன்னால் நிற்கும் அண்ணனுக்கு, நாம் தமிழில் எழுதி ஒட்டிய நான்கு வரிதான் துணை.

நம்மில் நிறையப் பேர் வீட்டில் முதல் தலைமுறைப் படிப்பு. ‘நமக்கு இங்கிலீஷ் வராது, எழுத வராது’ என்ற கூச்சம் பலருக்கும் உண்டு. ஆனால் படிக்கத் தடுமாறுகிறவர் எந்த இடத்தில் தடுமாறுவார் என்று நமக்குத் தெரிகிற அளவுக்கு வேறு யாருக்குத் தெரியும்? அவர்கள் நம் அப்பா, அம்மா, மாமா. இந்த வேலைக்கு நம்மிடம் இருக்கும் பெரிய தகுதியே அதுதான் என்று நான் நினைக்கிறேன்.

வாருங்கள், கூடுவோம்

ஆவணம் எழுதுபவர்கள் ஒன்றுகூடிப் பேசுவது புதிய விஷயம் இல்லை. ஜெர்மனியில் 1978-இல் தொடங்கிய ‘டெகாம்’ என்ற சங்கம், ஷ்டுட்கார்ட் நகரில் ஆண்டுதோறும் பெரிய மாநாடு நடத்துகிறது. அமெரிக்காவில் 1953-இல் வேர்விட்ட தொழில்நுட்பத் தொடர்பியலாளர் சங்கம் பல பத்தாண்டுகள் மாநாடு நடத்திவந்து, 2025-இல் பணநெருக்கடியால் மூடப்பட்டது. சங்கம் மூடலாம், தேவை மூடவில்லை.

நமது கருத்தரங்கில் நீண்ட சொற்பொழிவு கிடையாது. ஒரே ஒரு பயிற்சிதான், ஆனால் நாள் முழுக்க. ஒவ்வொரு துறையிலிருந்தும் நான்கு பேர் கொண்ட குழுக்கள் வரலாம். உங்கள் லேபில் உள்ள ஒரு வேலைக்கு, ஒரே ஒரு பக்கத்தில் தமிழில் செய்முறை எழுதி வர வேண்டும். ஸ்டார்–டெல்டா ஸ்டார்ட்டர் இணைப்பது, லேத் சக்கில் ஜாப் பிடிப்பது, லெவல் கருவியை நிறுத்துவது, எதுவானாலும் சரி. அந்தத் தாளை வேறு துறை மாணவர் ஒருவர் கையில் கொடுப்போம். ஆசிரியர் மேற்பார்வையில், மின்சாரம் கொடுக்காமலும் மெஷினை ஓட்டாமலும், அவர் அதைப் படித்து அப்படியே செய்ய வேண்டும்.

எழுதியவர்களுக்கு ஒரே நிபந்தனை: வாயைத் திறக்கக் கூடாது! “அது இல்லப்பா, பக்கத்துல இருக்குற நட்டு” என்று சொல்லத் துடிக்கும் இடமெல்லாம், தாளில் ஒரு வரி குறைகிற இடம். அதைக் குறித்துக்கொண்டு, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு திருத்தி எழுதி, இன்னொருவரிடம் கொடுத்துப் பார்ப்போம். கடைசியில் தேறிய தாள்களை லேமினேட் செய்து, தேதியும் திருத்த எண்ணும் போட்டு, அந்தந்த லேபிலேயே மாட்டுவதற்குத் துறைத் தலைவர்களிடம் அனுமதி கேட்டிருக்கிறோம். அடுத்த வருடம் வரும் தம்பி தங்கைகள் அதைப் பார்த்துத்தான் முதல் கனெக்‌ஷன் கொடுப்பார்கள்.

பக்கத்துப் பட்டறைகளில் வேலை செய்யும் மெக்கானிக்குகளையும் அழைக்கப் போகிறோம். அவர்கள் தங்கள் நோட்டுகளோடு வருவார்கள். நாம் எழுதியது புரிகிறதா என்று மார்க் போடும் உரிமை அவர்களுக்கே.

பெயர் கொடுக்க விரும்புபவர்கள் பேரவை அறைக்கு வரவும். வரும்போது ஒரு பேனாவும், ரப்பர் வைத்த பென்சிலும் மறக்காமல் எடுத்து வாருங்கள். ரப்பருக்குத்தான் அன்றைக்கு வேலை அதிகம்.